ஐந்தாவது கோடு

கார் மரவேலை என்றால் பலருக்கும் மெர்சிடிஸ் டபிள்யூ124-இன் பர்ல் வால்நட்தான். அந்தப் பளபளப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மனம் அதற்கு முந்தைய டபிள்யூ123-இன் ஜீப்ரானோவில்தான் நிற்கிறது. வால்நட்டின் சுழிகளுக்குள் சின்னக் கீறல் ஒளிந்துகொள்ளும். ஜீப்ரானோவில் எல்லாம் நேர்க்கோடு. ஒன்று அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண் அங்கேயே போய் நிற்கும்.

என் வண்டியும் டபிள்யூ123 வகைதான், 240டி. அதன் கன்சோலில் ஆஷ்ட்ரே மூடி ஓரத்தில் வெனீர் தூக்கி, நெல்மணி அளவு உதிர்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வண்டியை ஓட்டிப் போனேன். அங்கே பீரோவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடும் ஆசாரி ஒருவர் இருந்தார். தூக்கிய ஓரத்துக்குள் ஊசியால் அரால்டைட்டைச் செலுத்தினார். வச்சிரம் ஆகாதா என்று கேட்டேன். “பூட்டின காரு வெயில்ல அடுப்பாக் கொதிக்கும் அண்ணாச்சி. வச்சிரம் இளகிரும்.”

பள்ளத்தில் வெளிர்நிற அரக்கைச் சுட்டு வைத்து, ஆறியதும் உளியால் வழித்தார். பலர் சறுக்குவது இங்கேதான். கோட்டின் கருநிறத்திலேயே அடைத்துவிடுவார்கள். அடைப்பு மரத்தின் நிறத்தில் இருக்க வேண்டும். கோடு பிறகு எழுத வேண்டியது.

எழுதினார். தூரிகையில் மூன்று நான்கு முடிகளை விட்டு மற்றதை நறுக்கியிருந்தார். கோட்டைப் பள்ளத்தில் தொடங்கவில்லை. ஒரு விரற்கடை முன்னால், நல்ல மரத்திலேயே, பட்டும் படாமலும் முடி தொட்டது. பள்ளத்தில் இறங்கும்போது லேசாக அழுந்தி, அக்கரை ஏறியதும் மெலிந்து மறைந்தது. இப்படி ஏழு கோடுகள். ஐந்தாவதை மட்டும் நடுவில் அறுத்துவிட்டார். ஏன் என்று பக்கத்து மரத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அங்கேயும் ஒரு கோடு அப்படித்தான் அறுந்து கிடந்தது.

அது ஆனி மாதம், மலையிலிருந்து சாரல் அடித்தது. ஈரக்காற்றில் அரக்குப் பாலிஷ் வெளுத்துவிடும் என்று நான்கு நாள் காக்கவைத்தார். வெயில் வந்ததும் பாலிஷ் போட்டு, ஸ்டீல் உல்லால் தேய்த்துப் பளபளப்பை அடக்கினார். ஜீப்ரானோவுக்கு அந்த மங்கல்தான் அழகு.

அரக்கு சூடு தாங்காது, பாலியூரித்தேன் (பி.யூ.) அடித்திருக்கலாம் என்பார்கள் நண்பர்கள். கண்ணாடியை ஒட்டிய டேஷ்போர்டுக்கு அது சரி. கன்சோலில் நேர்வெயில் அவ்வளவு விழுவதில்லை. பி.யூ. இறுகினால் இறுகியதுதான், அடுத்த கீறலுக்கு மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். அரக்கோ, வருஷங்கள் கழித்து ஸ்பிரிட் பட்டாலும் இளகிப் புதுப்பூச்சோடு கலந்துகொள்ளும். ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-இலேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய நாடு இது. இன்று அவலரக்கு கேட்டால் பெயின்ட் கடைக்காரர் விழிக்கிறார்.

பெருநகரப் பட்டறை ஒன்றில் நண்பர் ஒருவர் தன் டபிள்யூ124-ஐ விட்டார். மயிரிழை விரிசலுக்கு மெஷினால் தேய்த்து, வெனீரே போய் அடிப்பலகை தெரிந்துவிட்டது. அதன்மேல் கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்குப் போனால் இப்போதும் அந்தப் பக்கம் பார்க்க முடிவதில்லை.

என் கன்சோலின் வலது ஓரம் இப்போது மெல்லத் தூக்குகிறது. ஆசாரிக்குக் கண் மங்கிவிட்டது. நான்கு முடித் தூரிகை ஒன்று நானே செய்து, பழைய வெனீர்த் துண்டில் தினமும் கோடு எழுதிப் பழகுகிறேன். பள்ளத்தில் இறங்குவது கைவந்துவிட்டது. அக்கரை ஏறும்போதுதான் இன்னும் தடிக்கிறது.