வரையறைக்கு முந்திக்கொண்ட நிரல்

இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அதில் 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793, கணினிகளிடையே தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையை வகுத்த ஆவணம். அந்த நெறிமுறையில் 'அர்ஜென்ட் பாயின்டர்' என்றொரு புலம் உண்டு. வரும் தரவில் அவசரப் பகுதி எங்கே முடிகிறது என்று பெறும் கணினிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அவசரத் தரவு 100 முதல் 104 வரையிலான பைட்டுகளில் இருக்கிறது என்று கொள்வோம். பாயின்டர் காட்ட வேண்டியது 104ஐயா, 105ஐயா? தலைப்பகுதியை விளக்கும் இடத்தில் 105 என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறார்கள். தரவை அனுப்பும் முறையை விவரிக்கும் இடத்திலோ கணக்கு 104ஐத் தருகிறது. 'அவசரத் தரவின் முடிவு' எது என்று ஓரிடத்தில் ஒரே வரியில் சொல்லியிருந்தால் இந்த முரண் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

1989 அக்டோபரில் ஆர்எஃப்சி 1122, கடைசி பைட்டே சரி என்று திருத்தியது. அதற்குள் பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்த நிரல்கள் அடுத்த பைட்டைக் காட்டியபடி எங்கும் பரவிவிட்டன. திருத்தத்தைப் பின்பற்ற விரும்புவோருக்கென லினக்ஸில் தனி அமைவு ஒன்று இருந்தது. இயல்பு நிலையில் அதுவும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் ஆர்எஃப்சி 6093 நிரல்களின் பக்கமே சாய்ந்தது. புதிய செயலிகள் இந்த வசதியையே பயன்படுத்த வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. ஒரு பைட் குழப்பத்தைத் தீர்க்க முப்பது ஆண்டுகள் ஆயின. தீர்வு வந்தபோது அந்த வசதியே கைவிடப்படும் நிலைக்கு வந்திருந்தது.

நெறிமுறை வகுப்போர் முதலில் சொற்களுக்குப் பொருள் வரையறுக்க வேண்டும் என்ற வழக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பைட் என்பதன் அளவு கணினிக்குக் கணினி மாறிய காலத்தில், எட்டு பிட்டுகளுக்கு 'ஆக்டெட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 36 பிட் சொல்லளவு கொண்ட பிடிபி-10 இயந்திரமும் மற்றவையும் ஒரே வலையில் பேச அது உதவியது. ஆனால் நிரல் பரவிய பிறகு வரும் வரையறைக்கு அந்த வலிமை இல்லை. நடப்பதை எழுதிவைக்கத்தான் அதனால் முடியும்.

1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (பரிந்துரை), மே (விருப்பம்) போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு அது திட்டமான பொருள் தந்தது. ஒரு நிரல் நெறிமுறைக்கு இணங்குகிறதா என்று சோதிப்பவருக்கு இது பெரிய கொடை. மஸ்ட் வரும் இடங்களைப் பட்டியலிட்டாலே பாதிச் சோதனை தயார். ஆனால் இந்தச் சொற்கள் சிறிய எழுத்தில் வந்தாலும் இதே பொருள்தானா என்ற ஐயம் தீர, 2017இல் ஆர்எஃப்சி 8174 வர வேண்டியிருந்தது. பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே சிறப்புப் பொருள் என்றது அது.

என்னை அதிகம் உறுத்துவது ஷுட் என்ற சொல். தக்க காரணம் இருந்தால், விளைவை எடைபோட்டுப் பார்த்து மீறலாம் என்பது அதன் பொருள். குழுவில் ஒருமித்த கருத்து எட்டாதபோது இதைவிட வசதியான ஒதுங்குமிடம் கிடையாது: இரு தரப்பும் தாம் வென்றதாக நினைத்துக் கலையலாம். நிரல் எழுதுபவரின் மேசைக்குத்தான் அந்தத் தகராறு வந்து சேரும். எந்த நிலையில் மீறலாம், மீறினால் எதிர்முனையில் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே எழுதாத ஷுட் ஒவ்வொன்றும் முடிக்கப்படாத விவாதம்தான்.

வரையறை பிந்தி வந்ததற்கு இன்னொரு சான்று, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ். அங்கே 1987இல் அடிப்படை ஆவணங்கள் வந்தன. சொற்களஞ்சியமோ 2015இல்தான் வந்தது. பிறகு 2019இலும் 2024இலும் அதைப் புதுப்பித்தார்கள். 'குளூ' என்ற சொல்லுக்கு அதில் இரண்டு விளக்கங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில், துணைமண்டலத்துப் பெயர்ச் சேவையகங்களின் முகவரிப் பதிவுகள் மட்டும் குளூ. மற்றொன்றில், அந்தச் சேவையகங்களைச் சுட்டும் என்எஸ் பதிவுகளும் குளூதான். கருத்து வேறுபாட்டை மறைக்காமல் பதிந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் சேவையகம் எழுதுபவர் எந்தப் பதிவை அனுப்புவது என்பதற்கு அங்கே விடை இல்லை.

அந்த விடையை 2023 செப்டம்பரில் ஆர்எஃப்சி 9471 தந்தது. துணைமண்டலத்திற்குள்ளேயே பெயர் கொண்ட சேவையகங்களின் முகவரிகளை எல்லாம், அத்துணைமண்டலத்துக்கு வழிகாட்டும் பரிந்துரைப் பதிலில் சேர்த்தாக வேண்டும். பொட்டலத்தில் இடம் போதாவிட்டால், பதில் முழுமையாக இல்லை என்று காட்டும் டிசி கொடியை ஏற்ற வேண்டும். அந்தக் கொடி ஒரே ஒரு பிட். அது ஏறியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொட்டலத்தைப் பிடித்து எவரும் பார்த்துக்கொள்ளலாம்.