பாரியின் குரல்: நாகஸ்வரத்தை ரசிப்பது எப்படி?

நாகஸ்வரத்தின் நாதம் பாதி பட்டறையிலும் பாதி உதட்டிலும் உருவாகிறது. கும்பகோணம் – ஆடுதுறை வட்டாரத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குழல் கடைந்து வருகின்றன. 2022இல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குழலுக்கு ஆச்சா மரம்தான் வேண்டும். அதிலும் புது மரம் உதவாது. ஈரம் உள்ள மரம் காயக் காய வெடிக்கும், துளை கோணும், சுருதி நகரும். ஆகவே இடிபடும் பழைய வீடுகளின் உத்திரங்களையும் தூண்களையும் விலைக்கு வாங்கி வந்து கடைசல் பிடிக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிய மரம் அதற்குப் பிறகுதான் பாடத் தொடங்குகிறது.

குழலின் உட்துளை மேலே குறுகிக் கீழே விரியும். அடியில் அகன்ற வாய்ப்பகுதியான அணசு. விரல் வைப்பதற்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே விரல் படாத துளைகள் சில உண்டு. அவற்றில் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். இதற்கு அளவுகோல் கொஞ்ச தூரம்தான் துணை வரும். மீதி ஆசாரியின் காது. அதனால்தான் ஒரே பட்டறையில் செய்த இரண்டு குழல்கள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

கேட்க உட்காரும்போது, முதலில் திமிரி, பாரி என்ற இரு வகைக் குழல்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும். திமிரி குட்டையானது, நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் கூர்மையாக ஒலிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் சுவாமி புறப்பாட்டின் ஓசை நான்கு வீதிக்கும் எட்ட அந்தக் கூர்மை தேவைப்பட்டது. பாரி நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டையில் கனத்து, சற்றே கரகரத்து இறங்கும். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த பாரிதான் இன்றைய நாகஸ்வரத்துக்கு முன்மாதிரி. பழைய குழலில் சுத்த மத்யமத்தை மூச்சை அடக்கித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. புதுக்குழலில் அது நேராகவே பேசியது. அந்த ஸ்வரம் இல்லாமல் தோடி இல்லை. பிள்ளையின் பெயரைச் சொன்னதும் தோடி நினைவுக்கு வருவதில் ஆசாரிக்கும் பங்கு உண்டு.

குழல் ஐம்பது வருடம் உழைக்கும். அதன் உச்சியில் வைத்து ஊதும் சீவாளிக்கு ஆயுள் குறைவு. ஆற்றங்கரை நாணலை அறுத்து, காயவைத்து, பதப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் கட்டிச் செய்யும் இந்தச் சிறு துண்டுதான் உண்மையில் அதிர்கிறது. கச்சேரிக்கு முன் வித்வானைக் கவனித்தால் இது விளங்கும். குழலில் தொங்கும் கொத்திலிருந்து ஒரு சீவாளியை எடுத்து வாயில் வைத்து நனைப்பார். தனியே ஊதி, ‘பீ’ என்ற சத்தத்தைக் காதில் நிறுத்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அடுத்தது. பிடித்துவிட்டால் சீவாளியின் வாயை ஊசியால் லேசாக நெகிழ்த்தி, குழல் உச்சியில் உள்ள உலோகக் கெண்டையில் செருகிக்கொள்வார். சிலர் இதை நேர விரயம் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அன்றைய கச்சேரியின் குரல் தீர்மானமாவது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

வாசிப்பு தொடங்கியதும் ஸ்வரங்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். குழலில் சாவி கிடையாது. அரைஸ்வரங்கள் எல்லாம் துளையைப் பாதி மூடியும் சீவாளியை உதட்டால் அழுத்தியும் மூச்சை ஏற்றி இறக்கியும் பிறப்பவை. கமகம் வளையும்போது நாதம் மெலியாமல் அதே கனத்தோடு வருகிறதா என்பதே தேர்ச்சிக்கு அடையாளம். நாக்கால் தட்டித் தெறிக்கும் துத்துகாரமும் மூச்சிலேயே வழுக்கிச் செல்லும் அகாரமும் ஒரே ஆலாபனையில் மாறி மாறி வருவதைப் பிரித்தறியப் பழகினால், பாதி ரசனை வந்துவிட்டது எனலாம். வேகப் பிர்காவுக்கு எல்லோரும் கைதட்டுவார்கள். ஒரே ஸ்வரத்தை நீண்ட நேரம் அசையாமல் நிறுத்துவது அதைவிடக் கடினம்.

பக்கத்தில் தவில். இடக்கையில் கழி, வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகள். ஆலாபனையின் இடைவெளிகளில் அது எங்கே பேசுகிறது, எங்கே சும்மா இருக்கிறது என்பதும் கேட்க வேண்டியதே.

கேட்கும் இடம் முக்கியம். அணசுக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது. பக்கவாட்டில், சற்றுத் தள்ளி, கோயில் பிரகாரத்தில் நிற்பது உத்தமம். கல் மண்டபமும் திறந்த வானமும் நாதத்துக்கு வேண்டிய இடத்தைத் தருகின்றன. புறப்பாட்டின்போது கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள். அது கோயிலுக்காகவே உருவான நாகஸ்வர இசை. அதை மேடையில் கேட்பது ஒரு படி குறைவுதான். கல்யாண மண்டபத்தில் குழல் வாயிலேயே மைக்கை வைத்து எதிரொலியையும் கூட்டிவிட்டால், மரத்தின் குரல் போய்த் தகரத்தின் குரல்தான் மிஞ்சும்.

வீட்டில் பழக விரும்புவோர் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ‘சிங்காரவேலனே தேவா’ பாடலில் தொடங்கலாம். எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஆபேரியில் ஒன்றையொன்று தொடர்வதால், குழல் குரலை எவ்வளவு நெருங்குகிறது என்பது உடனே தெரியும். பிறகு, அருணாசலத்தின் குருவான ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. பழைய பதிவின் இரைச்சல் முதலில் உறுத்தும். இரண்டாம் முறை காது அதைத் தள்ளிவிடும்.

நேரில் கேட்க, தை மாதவாக்கில் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் போகலாம், கட்டணம் இல்லை. பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்குக் கூட்டம் முண்டியடிக்கும். அதற்கு முன்னதாகவே மங்கல இசை தொடங்கிவிடும் என்பதால், காலையில் சீக்கிரமே போய் இடம் பிடித்துவிடுவது நல்லது.