இ.சி.ஜி. காகிதம்

இளஞ்சிவப்புக் கட்டங்கள் அச்சிட்ட அந்த நீளக் காகிதத்தை, வியாதியின் பிரஸ்தாபத்தைச் சற்றே மறந்து, ஒரு சித்திரமாகவே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் அது நகர்கையில், ஒவ்வொரு சிறு கட்டமும் 0.04 விநாடியாகி, காலமே கண்ணுக்குப் புலனாகிவிடுகிறது. துடிப்பு சீராக இருக்கும் பட்சத்தில், இரு சிகரங்களுக்கு இடைப்பட்ட பெரிய கட்டங்களை எண்ணி, 300-ஐ அதனால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்பது தெரிந்துவிடும். முதலில் எழும் சிறு மேடு மேலறைகளின் சலனம். ஊசிபோல் நிமிர்வது கீழறைகளின் பிரயத்தனம். அதையடுத்த கோடு தன் மட்டத்துக்குத் திரும்பாமல் தூக்கி நின்றாலோ, மாரடைப்பாக இருக்குமோ என்று வைத்தியர் பரபரப்படைகிறார்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐன்தோவன், வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையொன்றைக் காந்த துருவங்களுக்கிடையே கட்டி இந்தக் கோட்டை வரைவித்தபோது, நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தி உட்கார வேண்டியிருந்தது; 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மணிக்கட்டுக் கடிகாரமும் ஒரு கோடு வரைகிறது, மெய்தான். ஆனால் அது ஒரே கோணத்துப் பார்வை, காகிதத்திலோ பன்னிரண்டு. வெப்பத்தால் பதிவாகும் காகிதம் நாளடைவில் மங்கிவிடுமாதலால், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைப்பது உசிதம். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பது பழையதைத்தான்.