இனிப்பைக் காக்கும் கசப்பு: அதிமதுர மணச் செண்டுகளை எடைபோடுதல்

வாசனைத் திரவியங்களில் அதிமதுர மணத்தைப் போலக் கருத்தைப் பிளப்பவை குறைவு. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் அறைக்குள் வந்தால், சிலர் பக்கத்தில் வந்து செண்டின் பெயரைக் கேட்பார்கள். சிலர் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். இரண்டுமே நியாயமான எதிர்வினைகள். ஏனென்றால் இந்த மணத்தின் சிறப்பும் குறையும் அதன் அடர்த்தி என்ற ஒரே வேரிலிருந்துதான் வருகின்றன.

அதிமதுர வேரை இனிக்கச் செய்வது கிளைசிரைசின். அது எளிதில் ஆவியாகாது. நாக்குக்குத் தெரியுமே தவிர மூக்குக்கு எட்டாது. செண்டில் நாம் அதிமதுரம் என்று உணர்வது பெரும்பாலும் அனெத்தோல் என்ற பொருளைத்தான். சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் மணப்பது அதுவே. அதனுடன் கிராம்பின் யூஜெனால், டோங்கா விதையின் கூமரின், வனிலின் ஆகியவை சேரும்போது, குளுமையாகத் தொடங்கி வெதுவெதுப்பாக இறங்கும் ஒரு மணம் உருவாகிறது. இனிப்பு, காரம், லேசான கசப்பு மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் மணங்கள் அதிகம் இல்லை.

பிரெஞ்சு வாசனைக் கலைஞர்கள் இதை வெகுகாலமாகக் கையாண்டிருக்கிறார்கள். 1912இல் ழாக் கெர்லேன் படைத்த ‘லேர் ப்ளூ’வில் சோம்பும் கிராம்பு நெடியுள்ள கார்னேஷனும் பவுடர் போன்ற மென்மைக்குள் அடங்கியிருக்கும். 1992இல் வந்த ‘ஏஞ்சல்’, பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டோலைப் பச்சோலியுடன் கலந்து, தின்பண்ட மணங்களுக்குப் பெரிய சந்தையைத் திறந்தது. அந்த அலையில் 1997இல் வந்ததுதான் அன்னிக் மெனார்தோ உருவாக்கிய ‘லொலிதா லெம்பிக்கா’. ஆப்பிள் வடிவப் புட்டி. உள்ளே அதிமதுரம், செர்ரி, வனிலா. ஆனால் இவற்றுக்கு எதிராக ஐவி இலையின் பச்சை வாசனையையும் வயலட் பூவையும் மெனார்தோ நிறுத்தினார். அந்தப் பச்சைக் கசப்புதான் இனிப்பைத் திகட்டாமல் காக்கிறது. இந்த வகையின் மிகச் சிறந்த படைப்பாக நான் அதைக் கருதுவதற்குக் காரணமும் அதுவே.

2000இல் ஆண்களுக்கென வந்த இதன் இணைச் செண்டையும் மெனார்தோவே செய்தார். அதிலும் சோம்பு, ஐவி, வயலட் உண்டு. மணத்துக்கு ஆண், பெண் என்று பால் பிரிப்பது விற்பனையின் வேலை என்பதை இது காட்டிவிடுகிறது. 2007இல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்காக ழான்-க்ளோத் எலெனா லாவெண்டரையும் அதிமதுரத்தையும் சேர்த்து, மிக மெலிதான, உலர்ந்த ஒரு செண்டைத் தந்தார். அடர்த்தி இந்த மணத்தின் தலைவிதி அல்ல என்பதற்கு அது சான்று. இன்று விற்கும் பல தின்பண்டச் செண்டுகளில் கசப்பைக் குறைத்துச் சர்க்கரையை ஏற்றியிருக்கிறார்கள். அங்கே தன்மை போய், தித்திப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

படைப்பின் குறையைவிடப் பெரியது, அணியும் முறையில் உள்ள குறை. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு சில நிமிடங்களில் அதை உணர்வதை நிறுத்திவிடும். மணம் போய்விட்டதென்று நினைத்து அணிந்தவர் மீண்டும் தெளிப்பார். பக்கத்தில் இருப்பவருக்கோ அது இரட்டிப்பாகும். வெயிலில் உடல் சூடு மணத்தை இன்னும் வேகமாக எழுப்பும். பாரிஸின் குளிர்கால மாலைக்குப் பொருந்துகிற அதே அளவு, சென்னையின் மே மாத நண்பகலில் நெரிசலான பேருந்துக்குள் மூச்சை முட்டும். போதாக்குறைக்கு, சோம்பும் அன்னாசிப்பூவும் நம் மூக்குக்குப் பிரியாணியையும் விருந்துக்குப் பின் மெல்லும் சோம்பையும் நினைவூட்டுபவை. ஐரோப்பியருக்கு மிட்டாயாகத் தோன்றுவது நமக்குச் சமையலறையாகத் தோன்றலாம். இதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. மூக்கு பழக்கத்தால் வளர்வது.

உடல்நலம் பற்றிய கேள்வியும் உண்டு. கடும் வாசனை ஒற்றைத் தலைவலியையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடும். யூஜெனாலும் கூமரினும் ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களில் அடங்கும்; குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இவற்றின் பெயரைப் புட்டியில் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது. 2023இல் அந்தப் பட்டியல் 80க்கும் மேலாக நீண்டபோது அனெத்தோலும் சேர்ந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1990களிலிருந்து பொது இடங்களில் வாசனை தவிர்க்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மருத்துவமனைக்கும் வகுப்பறைக்கும் அந்தக் கட்டுப்பாடு சரியே. எல்லா இடத்துக்கும் அதை நீட்டினால் ஒரு கலையையே வீட்டுக்குள் பூட்டுவதாகும்.

ஆகவே என் முடிவு இது: அதிமதுர மணத்தைக் கைவிட வேண்டியதில்லை; அளவறிந்து அணிய வேண்டும். கசப்பு மிச்சமிருக்கும் செண்டாகப் பார்த்து வாங்குங்கள். மாலையில், காற்றோட்டமுள்ள இடத்துக்குச் செல்லும்போது ஒரு தெளிப்பு போதும். அதையும் ஆடைக்குள் மறையும் இடத்தில் தெளியுங்கள். மூடிய வண்டிக்கும் அலுவலகத்துக்கும் வேண்டாம். அளவு சரியா என்று நம் மூக்கைக் கேட்பதில் பயனில்லை, அது சீக்கிரமே பழகிவிடும். கூட இருப்பவரிடம் கேளுங்கள். அவர் அதிகம் என்றால் அதிகம்தான்.