வன்னி வீதிக்கு எந்த முன்கண்ணாடி?

பழைய காரின் முன்கண்ணாடி உடைந்தால் வன்னியில் எந்தக் கராஜிலும் முதலில் எழும் கேள்வி "ஜப்பானா, சைனாவா?" என்பதுதான். ஜப்பான் என்றால், அங்கே ஓடிக் கழிந்த வாகனத்திலிருந்து கழற்றிக் கொழும்புப் பஞ்சிகாவத்தை வழியாக இங்கு வந்து சேரும் பாவித்த அசல் கண்ணாடி. சைனா என்றால், அதே மாதிரிக்குப் புதிதாகச் செய்த கண்ணாடி. ஜப்பானுக்கே மதிப்பு. அது கிடைக்காதவர் சைனாவை மனக்குறையோடு வாங்கிப் போகிறார். இந்தத் தரவரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. பாவித்த அசலுக்குச் சார்பான நியாயங்களையும் மறைக்காமல் அதை நிறுவப் பார்க்கிறேன்.

இது ஒருசிலரின் கவலை அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் சாதாரணக் குடும்பம் கிட்டவும் போக முடியாத வரியோடு. இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியது. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீதிகளில் ஓடும் கொறோலாவும் நிசான் சன்னியும் லான்சரும் டொல்பின் வானும் மாருதி 800உம் இன்னும் பல ஆண்டுகள் ஓடித்தான் ஆகவேண்டும். அவற்றோடு மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டு வடக்கைச் சுமந்த வண்டிகள் அவை. இந்த வயதுக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்கும். கண்ணாடி உடைந்தால் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில். ஒருமுறை வாங்குவதைச் சரியாக வாங்க வேண்டியிருப்பது அதனால்தான்.

நாட்டின் பெயரைக் கேட்பதற்கு முன் இனத்தைக் கேட்க வேண்டும். வாகனக் கண்ணாடியில் பிரதானமாக இரண்டு இனங்கள். ஒன்று, ஏறத்தாழ அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சடுதியில் குளிரவைத்த ரெம்பர்ட் கண்ணாடி. பக்கக் கதவுகளில் இருப்பது அது. உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும். மற்றது லமினேற்றட். இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் படலம் ஒட்டியிருக்கும். கல் அடித்தால் கீறல் ஓடும், சிலந்திவலைபோல் வெடிக்கும், ஆனால் இடத்தை விட்டு நகராது. 1903இல் பிரெஞ்சுக்காரரான எடுவார் பெனெடிக்ட்டஸின் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து, வெடித்தும் சிதறாமல் கிடந்தது. உள்ளே காய்ந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலமே காரணம் என்று கண்ட அவர் 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய முன்கண்ணாடி.

பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றின் முன்கண்ணாடி ரெம்பர்ட் இனம். மூலையில் 'ட்ரிப்ளெக்ஸ்' என்ற பெயரோடு 'ரஃபென்ட்' என்ற சொல்லும் இருக்கும். நல்ல கம்பனி, நல்ல வேலை, அதை மறுக்கவில்லை. ஆனால் கிரவல் ஏற்றிய ரிப்பரின் ரயரிலிருந்து தெறிக்கும் ஒரு கல் அதன்மீது பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் வெள்ளையாகிவிடும். சாரதிக்கு முன்னால் வீதி இல்லாமல் போகும். ஜப்பான் 1987இல் முன்கண்ணாடிக்கு லமினேற்றட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் அதையே கேட்கின்றன. ஆகவே, அசல் பாரம்பரியம் என்ற பெயரில் பழைய ரெம்பர்ட் முன்கண்ணாடியைத் தேடிப் பிடித்துப் போடுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. யன்னலுக்கு விற்கும் சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் போடுவதோ தர்க்கத்துக்கே உரியதல்ல. மோதலில் அது கழுத்துக்கு வரும் கத்தி.

இனி லமினேற்றட்டுக்குள் வருவோம். பாவித்த ஜப்பான் கண்ணாடிக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. அந்தக் காருக்கென்றே, அந்தக் காரின் வளைவுக்கென்றே செய்தது. சட்டத்தில் வைத்தால் நான்கு மூலையும் அப்படியே உட்காரும். ஓரங்களில்கூட உருவம் நெளியாது. மலிவான புதுக் கண்ணாடிகள் சில இந்த இரண்டிலும் தவறுகின்றன. வளைவு சற்றுப் பிசகி, ஒரு மூலையை அழுத்தினால் மறுமூலை எழும்பும். கீழ் விளிம்பை ஒட்டிப் பார்த்தால் வீதிக்கோடு நெளியும். இந்த அனுபவம்தான் 'சைனா' என்ற சொல்லுக்கே இங்கு கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்தது. அது பொய்க் குற்றச்சாட்டு அல்ல.

ஆனால் கண்ணாடியின் வேலை சட்டத்தில் அழகாக உட்காருவது மட்டுமா? ஊடாகப் பார்ப்பதல்லவா முதல் வேலை? இங்கேதான் வன்னியின் வீதிகள் தீர்ப்பை மாற்றுகின்றன. ஏ9 வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதில் சூரியன் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும். பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35உம், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் ஏ34உம் அப்படியல்ல. அவை கிழக்கை நோக்கியவை. காலையில் வேலைக்குப் போகும்போது சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். மாலையில் திரும்பும்போது மறுபடி முகத்தில் அடிக்கும். மலையும் இல்லை, உயரக் கட்டடமும் இல்லை. வெட்டை வெளியில் தாழ்ந்த சூரியனுக்கு மறைப்பு ஏது?

இருபது ஆண்டு ஓடிய கண்ணாடியின் முகத்தில் மணலும் தூசியும் குத்திய பொட்டுக் குழிகள் நிறைந்திருக்கும். அதன்மேல் வைப்பர் இழுத்த வில்வடிவக் கீறல்கள். கடையில் நிழலில் பார்க்கும்போது இவை கண்ணில் படா. தாழ்ந்த வெயில் விழுந்தவுடன் ஒவ்வொரு குழியும் ஒரு சிறு விளக்காகி ஒளியைச் சிதறடிக்கும். எதிரே சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளை அந்த வெள்ளைப் புகைக்குள் மறைந்துபோகும். இரவிலும் இதே கதை. எதிர்வாகனத்தின் லைற் கண்ணாடி முழுக்கப் பரவும்போது தாரில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு கடைசி நேரத்தில்தான் தெரியும். மாரியில், ஈரமில்லாத இடம் தேடி மாடுகள் வீதிக்கு ஏறும் காலத்தில், இது உயிர்ப் பிரச்சினை. கொழும்பு நகருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு மன்னிக்கக்கூடிய இந்தக் குறை நம் வீதிக்கு மன்னிக்கக்கூடியதல்ல. ஓரத்தில் சிறிது நெளியும் புதுக் கண்ணாடியைக் கண் பொறுத்துக்கொள்ளும். நடுவில் ஒளி சிதறும் பழைய கண்ணாடியைக் கண்ணால் எதுவும் செய்ய முடியாது.

பாவித்த கண்ணாடிக்கு இன்னொரு நோயும் உண்டு. ஒட்டிய கண்ணாடியைக் கழற்றும்போது கம்பியாலோ கத்தியாலோ அறுக்கிறார்கள். விளிம்பில் ஒரு சிறு சில்லு போனால் போதும், அந்த இடத்தில் பின்னாளில் கீறல் தொடங்கும். பழைய படலத்துக்குள் ஈரம் புகுந்தால் ஓரங்கள் வெளுத்து வரும். அப்படி வெளுத்த கண்ணாடி எந்த நாட்டுடையதானாலும் வேண்டாம்.

புதுக் கண்ணாடி என்றால் எதையும் வாங்கலாம் என்பதல்ல என் வாதம். மூலையில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஐக்கிய நாடுகளின் வாகனக் கண்ணாடி ஒழுங்குவிதிக்கு இணங்கியதென்றால், ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், பக்கத்தில் 43ஆர் என்று வரும். வட்டத்துக்குள் இருப்பது சான்று கொடுத்த நாட்டின் எண். 43ஆர் என்பது விதியின் எண். ஜப்பானின் நாட்டு எண்ணும் 43 ஆக இருப்பதால், 43ஆர் என்பதைக் காட்டி 'ஜப்பான் சாமான்' என்று விற்பவரிடம் ஏமாறக்கூடாது. ரோம இலக்கத்தில் இரண்டு என்று இருந்தால் சாதாரண லமினேற்றட், ஒன்று என்று இருந்தால் ரெம்பர்ட். அமெரிக்க முறையில் முன்கண்ணாடிக்கு ஏஎஸ்1. இந்தியக் கண்ணாடிக்கு ஐஎஸ்ஐ முத்திரை. மாருதிக்கும் டாட்டாவுக்கும் செயின்ட் கோபேன் செக்யூரிட், ஆசாஹி இந்தியா போன்றவற்றின் கண்ணாடியே முதல் தெரிவாக இருக்கவேண்டும். அந்தக் கார்கள் பிறந்து ஓடிய நாட்டில் அவற்றுக்கென்றே செய்தவை அவை.

எழுத்தை யாரும் அச்சடிக்கலாம், உண்மைதான். ஆகவே விளிம்பையும் பாருங்கள். பொருத்துவதற்கு முன் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு தகடும் நடுவே படலத்தின் கோடும் தெரியும். பிறகு கண்ணாடியை, காரில் நிற்கும் சரிவிலேயே பிடித்துக்கொண்டு, தூரத்தில் நிற்கும் பனையையோ மின்கம்பத்தையோ அதனூடாகப் பாருங்கள். தலையை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். சாரதியின் பக்கத்தில் பனை நெளிந்தால் அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுங்கள். பாவித்ததை வாங்க நேர்ந்தால் இருட்டில் கைபேசி லைற்றைச் சரித்து அடித்துப் பாருங்கள். வெயில் காட்டப்போகும் குழிகளையெல்லாம் அது அப்போதே காட்டிவிடும்.

ஆங்கிலேயக் கார் வைத்திருப்போருக்கு வழி வேறு. 1956க்கு முந்திய மொறிஸ் மைனரின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு தட்டைத் துண்டுகள். லமினேற்றட் தகட்டை அளவுக்கு வெட்ட முடியும் என்பதால் அதற்கு நல்ல கண்ணாடி செய்வது சுலபம். 1956இல் வந்த மைனர் 1000இன் கண்ணாடி வளைந்தது, அதை இங்கு வெட்டிச் செய்ய முடியாது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசைக்காரர்கள் இந்தியாவைப் பார்க்க வேண்டும். அந்தக் காரின் உடலையே எடுத்துத்தான் ஹிந்துஸ்தான் கம்பனி 2014 வரை அம்பாசிடரைச் செய்தது. பழையதன் அளவை ஒரு தாளில் வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்கினால், பிரிட்டனில் கேட்டு அலையத் தேவையிராது.

இவ்வளவு பேசியபின்னும், நல்ல கண்ணாடியைக் கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் வேலைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரப்பர் பீடிங்கில் நிற்கும் பழைய வண்டிகளில் பிரச்சினை குறைவு. புது ரப்பரின் தவாளிப்பில் கயிறு சுற்றி, வெளியே ஒருவர் அழுத்த உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்தால் கண்ணாடி உட்கார்ந்துவிடும். காய்ந்து வெடித்த பழைய ரப்பரையே திரும்பப் போடுவதுதான் அங்கு நடக்கும் தவறு. ஒட்டும் கண்ணாடிகளில் ஆபத்து அதிகம். 'புதுக் கண்ணாடி தானாகவே வெடித்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் காரில் சட்டத்தைப் பாருங்கள். துரு பொங்கி ஒரு முண்டு எழும்பியிருக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்து உப்புக்காற்றில் நின்ற கார்களில் இது கேட்கவே வேண்டாம். அந்தத் துருவை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரைமர் பூசிக் காயவிடாமல் எந்த நாட்டுக் கண்ணாடியை வைத்தாலும் அந்த முண்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

ஒட்டும் பசை பொலியூரித்தேனாக இருக்கவேண்டும். வீட்டு யன்னலுக்கு அடிக்கும் சிலிக்கன் வேண்டவே வேண்டாம். வினாகிரி மணக்கும் வகை சட்டத்தின் இரும்பையே அரிக்கும். கண்ணாடியைத் தாங்கும் வலுவும் அதற்கு இல்லை. ஒட்டுவதைத் தண்ணீர் ஒழுகாமல் பார்க்கும் வேலையாக மட்டும் நினைப்பது 121 கொறோலா வயதுக் கார்களில் பெரும் பிழை. முன்னிருக்கைப் பயணியின் எயார்பாக் விரியும்போது அது சாய்ந்து நிற்பது முன்கண்ணாடியில்தான். பசை விட்டால் பையும் பயனற்றுப்போகும். கார் புரண்டால் கூரைக்குக் கிடைக்கும் தாங்கலில் ஒரு பங்கும் இந்தக் கண்ணாடியிலிருந்தே வருகிறது. நிழலில், வெயில் ஏறுமுன் ஒட்டச் சொல்லுங்கள். பசைக் குழாயில் எழுதிய நேரம் முடியும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். அன்றைக்கு முழுவதும் யன்னல் ஒன்றைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள், இல்லாவிட்டால் கதவை அடித்துச் சாத்தும்போது உள்ளே அழுத்தப்படும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும்.

கொழும்பிலிருந்து எடுப்பிப்பவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கண்ணாடி லொறியில் நிமிர்ந்து வரவேண்டும், படுக்கவைத்து மேலே சாமான் ஏற்றக்கூடாது. வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் காசு அனுப்பும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

என் தீர்ப்பு இதுதான். முத்திரையும் விளிம்பும் பனைச் சோதனையும் தேறிய புது லமினேற்றட் கண்ணாடி, சைனாவோ இந்தியாவோ, இருபது வருடம் ஓடிய ஜப்பான் அசலைவிட வன்னிக்கு உகந்தது. புதியது செய்யப்படாத மாதிரிக்கு மட்டும், இருட்டில் லைற் அடித்துத் தேறிய பாவித்த கண்ணாடியை எடுக்கலாம். காசு மட்டாக இருந்தால் கண்ணாடியின் பெயரில் மிச்சம் பிடியுங்கள், துரு தேய்ப்பதிலும் பசையிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் அங்கு கற்பிக்கப்படுகிறது. கண்ணாடி பொருத்தும் வேலையை வார இறுதிக் குறுங்கற்கையாக அங்கு நடத்தி, ஏற்கெனவே கராஜ் வைத்திருப்போரையும் அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.