எட்டு உயிர்க் கணக்கு

ஒரு மரண தண்டனை ஏழெட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்றொரு கணக்கு உண்டு. போட்டவர் ஐசக் எர்லிக், அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1933 முதல் 1969 வரையிலான அந்நாட்டு விவரங்களை வைத்து எழுதிய கட்டுரை 1975ல் வந்தது. அச்சாகுமுன்பே அமெரிக்க அரசு அதை உச்சநீதிமன்றத்தில் எடுத்துக்காட்டியது. இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை? எண்ணும் ஒரு பிரதிதான், அதையும் வாசித்தாக வேண்டும் என்பது என் கட்சி.

பாஸல், டெய்லர் போன்றவர்கள் அந்தப் பிரதியைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார்கள். 1962க்குப் பிந்தைய ஏழு வருஷங்களை எடுத்துவிட்டால் எட்டு உயிரும் காணோம். எர்லிக் லாகரிதத்தில் கணக்குப் போட்டிருந்தார். அதில் இருநூறு நூறாவதும் இரண்டு ஒன்றாவதும் ஒரே அளவு வீழ்ச்சி. அறுபதுகளின் கடைசியில் தண்டனைகள் ஒன்றிரண்டாகச் சுருங்கி நின்றே போயின. அதே சமயம் கொலைகள் பெருகின. கார் திருட்டும்தான் பெருகியது, அதற்காக யாரையும் மின்நாற்காலியில் உட்காரவைத்ததில்லை. லாகரிதத்தை விட்டுச் சாதாரண எண்களை வைத்தாலும் முடிவு நிற்கவில்லை. முப்பத்தேழு வருஷத்துச் சாட்சி என்று சொன்னது கடைசிச் சில வருஷங்களின் சாட்சிதான்.

சுவடிப் பதிப்பு அறிந்தவர்களுக்கு இது புதுசில்லை. உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டு, தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, வேறுபாடங்களைக் கீழே கொடுத்தார். வாசகன் அவரோடு சண்டை போட இடமிருந்தது. சமூக அறிவியல்காரரோ கம்ப்யூட்டரில் நூறு பாடம் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் அச்சேற்றுகிறார். மிச்சம் தொண்ணூற்றொன்பதும் எங்கே போச்சு? 1983ல் எட்வர்ட் லீமர் அந்தத் துறைக்குள்ளிருந்தே இதைக் கேட்டார். இதே மரண தண்டனை விஷயத்தை எடுத்து, ஐந்து விதமான முன்நம்பிக்கை கொண்ட ஆய்வாளர்களைக் கற்பனை செய்தார். மாடலில் எந்தக் காரணியை முக்கியம் என்று கொள்வது, எதைச் சந்தேகிப்பது என்பதெல்லாம் அவரவர் நம்பிக்கைப்படி. ஒரே விவரங்களிலிருந்து தண்டனை கொலையைக் குறைக்கும் என்றும் வந்தது, கூட்டும் என்றும் வந்தது.

இப்போது கட்டுரைகளின் வாலில் உறுதிச் சோதனை அட்டவணைகள் வரிசைகட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் எந்தச் சோதனை என்பதைக் கட்டுரையாசிரியரே தேர்ந்தெடுத்தால் வேலிக்கு ஓணான் சாட்சிங்கிற கதை.

நம் தோழர்களுக்கும் ஒன்று. 2012ல் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் குழு, முப்பது வருஷத்துக்கும் மேலான ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது, கூட்டுகிறது, ஒன்றும் செய்யவில்லை என்கிற எதற்குமே இவற்றை ஆதாரமாக்கக் கூடாது என்றது. தண்டனையால் கொலை கூடும் என்று துண்டறிக்கை போடுகிறவர்களும் அதைப் படிக்கவேண்டும்.

அதற்கு முப்பத்தாறு வருஷம் முன்பு, 1976ல், உச்சநீதிமன்றமும் இந்தப் புள்ளிவிவரங்களால் எதுவும் முடிவாகவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டே ஜார்ஜியா மாநிலத்தின் மரண தண்டனைச் சட்டத்தை ஏற்றது. பயனுண்டா என்பதைச் சட்டமன்றங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. சந்தேகத்தின் பலன் கைதிக்கு என்பார்களே, இங்கே அது தண்டனைக்குப் போய்ச் சேர்ந்தது. 1977 ஜனவரியில் யூட்டாவில் கேரி கில்மோரைச் சுட்டார்கள்.