மூடியைத் திருப்பிப் பாருங்கள்

இட்லிப் பானை வாங்கப் போகிறவர்கள் அடிக்கனம் பார்ப்பார்கள், கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். மின்சார ஸ்டீமர் வாங்குகிறவர்கள் எத்தனை அடுக்கு, எத்தனை வாட், டைமர் உண்டா என்று கேட்பார்கள். இரண்டு கூட்டத்திலும் மூடியைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆவியில் வெந்த பண்டம் பூப்போல வருவதும் சொதசொதவென்று போவதும் பாதிக்குமேல் அந்த மூடியைப் பொறுத்த விஷயம்.

கேஸில் கொதித்தாலும் கரண்டில் கொதித்தாலும் ஆவி ஒரே ஆவிதான். சென்னையில் 100 டிகிரி, ஊட்டியில் சுமார் 93. மலையில் இட்லி வேக இன்னும் ஓரிரு நிமிடம் பிடிப்பது அதனால்தான். தீயைக் கூட்டினால் ஆவியின் சூடு கூடாது, அளவுதான் கூடும். அந்த ஆவி மாவின்மேல் பட்டு மறுபடி தண்ணீராக மாறும்போது தன்னிடமிருக்கும் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது, கிராமுக்கு 540 கலோரி வீதம். மாவு வேகத் தொடங்குவது அதில்தான். பதினாறு இட்லிக்கான மாவைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் ஆவியாகிப் போய், திரும்பத் தண்ணீராக வேண்டும். அந்த அரை டம்ளர் தண்ணீர் எங்கே போகிறது? பாத்திரத்தை எடை போட இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

நம் பாட்டிமார் சாமான்களைப் பார்த்தால் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்களாகத் தெரியும். இட்லிப் பானையின் மூடி கவிழ்த்த கிண்ணம் மாதிரி குவிந்திருக்கும். உள்ளே கோத்த துளிகள் நடுவில் சொட்டாமல் சரிவில் வழிந்து ஓரத்தில் இறங்கும். குழித்தட்டில் விரிக்கும் ஈரத்துணிக்கும் இதே வேலைதான். மாவின் அடியில் சேரும் ஈரத்தை அது வாங்கி, துளை வழியே கீழே விடுகிறது. யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இன்னும் கெட்டி. பனையோலையில் கூம்பாகப் பின்னிய அந்தப் பெட்டி பானையின் வாயில் உட்கார்ந்திருக்கும். மிகுந்த ஈரத்தை ஓலையே குடித்துக்கொள்வதால் பிட்டு உதிரியாக விழும், ஓலை மணமும் கொஞ்சம் ஏறும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக்கு மூங்கில் குடலையும் மந்தாரை இலையும் செய்வது இதைத்தான். எவர்சில்வரில் அந்த மணத்தை எதிர்பார்க்க முடியாது. பிளாஸ்டிக்கில் கேட்கவே வேண்டாம்.

இனி ருசிக்கு வருவோம். துணி இட்லி ஒன்றைத் தட்டில் போட்டு, சட்னியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். துணி பட்ட பக்கத்தில் நெசவின் வரி மெலிதாகப் பதிந்திருக்கும். மேல்பக்கம் மினுமினுக்காமல் மங்கலாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் மெல்ல நிமிரும். பிட்டால் உள்ளே சின்னச் சின்னக் கண்கள். ஒரு வாய் வெறுமனே தின்றால் உளுந்தும் லேசான புளிப்பும் தனித்தனியாகத் தெரியும். மூடி சொட்டிய இட்லியை இதன் பக்கத்தில் வையுங்கள். தலையில் அம்மைத் தழும்புபோலக் குழிகள், பளபளப்பு, விரலில் பிசுபிசுப்பு. மாவின்மேல் பழி போடுவதற்கு முன்னால் மூடியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாவுப் பண்டங்களுக்கு ஆவி முதல் சில நிமிடங்களில் பாய்ந்து வரவேண்டும். மாவுக்குள் இருக்கும் காற்று தப்பிப்பதற்குள் மேனி இறுகினால்தான் இட்லி உப்பும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தட்டை இறக்கச் சொல்வது இதற்காகத்தான். 800 வாட் ஸ்டீமர் நிமிடத்துக்கு 20 மில்லி சொச்சம் தண்ணீரைத்தான் ஆவியாக்கும். மூன்றடுக்கு நிறைய மாவு வைத்தால் அது திணறும், மேலடுக்கு கடைசியில்தான் சூடாகும். நடுத்தர கேஸ் அடுப்பு இதைவிடத் தாராளம். ஆகவே இட்லி, இடியாப்பம், புட்டு என்று தினம் ஆவியில் சாப்பிடும் வீட்டுக்கு அடுப்புப் பானைதான் என்பேன், யோசிக்கவே வேண்டாம். அதிலும் பல அடுக்குத் தட்டு என்றால் ஒன்றின் குழிக்கு நேராக அடுத்ததன் குழி வராதபடி தட்டுகளைத் திருப்பி வையுங்கள். உப்பும் இட்லிக்குத் தலை இடிக்காது. கொதிக்கும் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டு வைப்பதும் நல்ல வழக்கம். கடகடவென்ற சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அடுத்த அறையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மின்சார ஸ்டீமரைக் குறை சொல்லவே இவ்வளவும் என்று நினைக்க வேண்டாம். காய், மீன், முட்டை, வள்ளிக்கிழங்கு, சோளக்கதிர் எல்லாம் அதில் அருமையாக வரும். அவற்றுக்கு உப்ப வேண்டிய அவசியமில்லை, நேரம்தான் முக்கியம். எட்டு நிமிடம் வைத்த பீன்ஸ் பச்சை மாறாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மறதிக்காரர்களுக்கும், கைக்குழந்தைக்கு அவிக்கும் வீடுகளுக்கும், கேஸ் இல்லாத ஒற்றை அறைக்கும் இது வரம். கால் மணி நேரம் ஓடினால் செலவு 0.2 யூனிட். ஆனால் கரண்ட் போனால் போனதுதான். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்த இன்வெர்ட்டர் பொதுவாக இதைத் தாங்காது.

இதிலும் தண்ணீர்க் கணக்கு உண்டு. மேலடுக்கில் சேர்வது கீழடுக்கில் சொட்டும். பீட்ரூட்டை மேலே வைத்தால் கீழே உள்ள முட்டைக்கோஸ் சிவக்கும், மீனை மேலே வைத்தால் வீடே சைவம் மறந்துவிடும். ஒழுகுவதையும் மணப்பதையும் எப்போதும் அடியில் வையுங்கள். மூடி தட்டையாக அமைந்துவிட்டால், மாவுப் பண்டம் வைக்கும் அன்று உள்பக்கம் ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி, முனைகளை மூடியின் மேலேயே முடிந்துவிடலாம். கேஸ் அடுப்பில் மட்டும் இந்த வேலை கூடாது, துணியில் தீப்பிடிக்கும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் ஸ்டீமரின் சூடேற்றும் தட்டில் சீக்கிரமே வெள்ளையாக உப்புப் படியும். படிந்தால் ஆவி வரத் தாமதமாகும். வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றி அரை மணி ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். கம்பி நாரைப் போட்டுத் தேய்க்காதீர்கள்.